பெட்டகத்தாரின் கையிருப்பு

1.

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் மனைவியின் தங்கை ஒரு வைர நிறுவனத்தில் விளம்பரம் எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். "மாமா, தயவுசெஞ்சு இதைக் கதையா எழுதிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். எழுத்தாளனிடம் போய் அப்படிச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: அவளுடைய கண்கள் வைரத்தைப் போல—

அடித்துவிட்டேன். அவளுக்குச் சாதாரணக் கண்கள்தான். அன்றைக்கு அழுது சிவந்து வீங்கி வேறு இருந்தன.

2.

கொஞ்சம் கட்டுரை. [அவசரக்காரர்கள் மூன்றாம் பகுதிக்குத் தாவலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். லேசாகக் கோபிப்பேன்.]

வைரம் கிடைப்பதற்கு அரியது என்று நாமெல்லாம் நம்புகிறோம். இந்தக் கதையில் வரும் நிறுவனத்தில் அது இழுப்பறை இழுப்பறையாகக் கிடக்கிறது. மொத்தத்தையும் சந்தையில் கொட்டினால் விலை படுத்துவிடும். அதனால் தரைக்குக் கீழே ஒரு பெட்டக அறை, அதற்கு ஒரு பொறுப்பாளர். அவரைப் பெட்டகத்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு சின்னப் பொட்டலத்தை மட்டும் வெளியே விடுவார். மற்றதைப் பூட்டி வைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மாடியில் என் மச்சினி. 'மனசு இருந்தால் வைரம் வாங்குவார்' என்று எழுதி ஊரையே உசுப்பிவிடுவது அவள் வேலை. வாங்கியவர்கள் திரும்ப விற்க வந்தால் சந்தையில் கல் பெருகிவிடுமே? அதற்கும் ஒரு வாசகம் வைத்திருக்கிறாள்: 'காதலை யாராவது விற்பார்களா?'

கீழே பூட்டு, மேலே பாட்டு. [இந்த வரியை வெட்டச் சொல்லி என் மனைவி மூன்று முறை சொல்லிவிட்டாள். வெட்ட மாட்டேன்.]

3.

பெட்டகத்தார் மேல் மச்சினிக்கு ஆசை. அவருக்கும் இவள்மேல் ஆசை. நியாயமாகக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். கெடுத்தது அவருடைய தொழில் புத்தி.

மனிதர் மாதம் ஒரே ஒரு நல்ல வார்த்தைதான் பேசுவார். ஒரு மாதம், "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கு." அடுத்த மாதம், "நேத்து நீங்க லீவு போல. ஆபீஸ் நல்லாவே இல்ல." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார். இவள் முப்பது நாளும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஏங்க இப்படி அளந்து அளந்து பேசறீங்க?"

"உள்ள நிறைய இருக்குங்க. மொத்தமா சொல்லிட்டா மதிப்பு போயிடும்."

[நிஜத்தில் எவனாவது இப்படிப் பேசுவானா என்று எனக்கே சந்தேகம். மச்சினியிடம் கேட்டேன். "காலேஜ் முடிச்சதுலேர்ந்து பூட்டற வேலை பாக்கறவர் மாமா. வேற எப்படிப் பேசுவாரு?" என்றாள். உடனே அவர் பக்கம் பேசுகிறாள், பாருங்கள்.]

4.

அவளுக்கும் தொழில் புத்தி உண்டு. தேவையைக் கூட்டிப் பார்த்தாள். கணக்குப் பிரிவில் ஒருவர் தன்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டதாக அவர் காதில் படும்படி சொன்னாள். சுத்தப் பொய். கணக்குப் பிரிவுக்காரருக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

பெட்டகத்தாரின் முகம் வெளுத்தது. பிறகு அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். சந்தை சூடு பிடிக்கும்போது சரக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த மாதத்து வார்த்தையையும் நிறுத்திவிட்டார்.

வெறுத்துப்போய் அவள் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டாள். கேட்டால் கொடுத்தே விட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"அங்க போனா மறந்துடலாம்ங்கறாங்க. எனக்கு மறக்க வேண்டாம் மாமா" என்றாள்.

எனக்கு இதை வைத்து வேடிக்கைக் கதை எழுதும் எண்ணமே போய்விட்டது. [அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது.]

5.

இனி வருவது முழுக்கக் கற்பனை.

முதல் வரைவு: பெட்டகத்தார் ஒரு கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாக—

"என் தங்கச்சியை ஒரு திருடன் தலையிலயா கட்டப் போறீங்க?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவு: காசு கொடுத்து வைர மோதிரம் வாங்கவே கடைக்குப் போகிறார்.

"விலை கொஞ்சம் கூட இருக்கே?"

"என்ன சார் பண்றது, வரத்தே இல்ல" என்று கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "பூமியிலயே கல்லு தீர்ந்துட்டு வருதாம்."

பெட்டகத்தார் அன்று காலைதான் ஓர் இழுப்பறை நிரம்பி மூட மாட்டாமல், முழங்காலால் முட்டித் தள்ளி மூடிவிட்டு வந்திருந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். "ஐயோ பாவம்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவங்களுக்குப் பிடிக்கலேன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"பாதி விலைக்கு எடுத்துக்குவோம். ஆனா சார், காதலை யாராவது விற்பாங்களா?"

பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

6.

வெள்ளிக்கிழமை. அலுவலக உணவறை. அவள் முன்னால் மாற்றல் தாள், கையில் பேனா. அவர் பெட்டியைத் திறந்து வைக்கிறார்.

"இது எவ்வளவு கொட்டிக் கிடக்குன்னு உங்களுக்குத் தெரியும். இது இல்லாம காதலே இல்லன்னு கதை விட்டது நான். நாமளே ஏமாறலாமா?" என்கிறாள்.

"அப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னு யார் சொன்னா? எழுதி எழுதி எனக்கே ஆசை வந்துடுச்சு." போட்டுக்கொள்கிறாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "சரி, கல்லு பேசாது. நீங்க பேசுங்க. ஒரு வார்த்தையோட நிறுத்தினீங்க, கழட்டி வச்சிடுவேன்."

பெட்டகத்தார் வாயைத் திறக்கிறார். அவர் சொன்னது—

அவர் சொன்னதாவது—

"அவ்வளவுதானா?" என்றாள் என் மனைவி. "அவரை விடக் கஞ்சனா இருக்கீங்களே."

கஞ்சத்தனம் இல்லை. எனக்குத் தெரியாது. இன்றைக்கு வியாழக்கிழமை.

7.

ஆகவே இந்தக் கதையை இன்று மாலையே ஒரே ஓர் ஆளுக்கு அனுப்பிவைக்கிறேன். மற்ற வாசகர்கள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.

பெட்டகத்தாரே, வணக்கம். நான் அவளுடைய அக்கா வீட்டுக்காரன். ஆறாம் பகுதியில் உங்கள் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். மோதிரம் நான் விட்ட சரடு. வாங்க நேரமில்லாவிட்டால் பாதகமில்லை. ஆனால் அந்தத் தாளும் பேனாவும் நிஜம், நாளை மதியமும் நிஜம். நான் எதை எழுதி உங்கள் வாயில் போட்டாலும் அவள் நம்ப மாட்டாள். என் நடை அவளுக்குத் தெரியும்.

உங்களிடம் இருப்பதையெல்லாம் கொண்டுபோய் அவள் முன்னால் கொட்டிவிடுங்கள், விலை இறங்கினால் இறங்கட்டும். அவள் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் பேசுங்கள்.