மேசைகளுக்கு நடுவே ஒரு விரல்

அட்டைப்படத்துப் பெண்ணுக்குப் புருவம் திருத்தியிருந்தது. வெள்ளைத் தொப்பிக்கு வெளியே சுருள்முடி தொங்கியது. லொவீனா தங்கள் சபையைப் பற்றிய அந்த நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மசித்தாள்.

"நமக்குக் கோபுரம் வச்ச சர்ச் இருக்காம். மணி வேற அடிக்குதாம்," என்றான் அவள் கணவன் ஈனோஸ். "அடுத்த வாரம் ஆராதனை நம்ம வீட்டுல. மணிய எங்க கட்டுறது, கோழிக்கூட்டுலயா?"

அவள் சிரிக்கவில்லை. மணியையும் புருவத்தையும் மன்னித்திருப்பாள். ஆனால் அந்தக் கதையில் ஒரு தாய், சபை விலக்கிய தன் மகளைத் தொழுவத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். கவிழ்த்த பால் வாளிதான் மகளுக்கு ஆசனம். அந்தத் தாய்க்கு லொவீனாவின் முகம், கன்னத்து மச்சம் உட்பட.

அதை எழுதிய கேரலின் சபைக்கு வெளியாள்; போன அறுவடைக் காலத்தில் இதே வீட்டில் சாப்பிட்டவள். அன்று வெர்னாவும் வந்திருந்தாள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு சபையை விட்டுப் போய், வெளியாள் ஒருவனைக் கட்டிக்கொண்ட லொவீனாவின் மகள். விலக்கப்பட்டவளோடு ஒரே மேசையில் உண்ணக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அதனால் ஈனோஸ் சின்ன மேசையைக் கொண்டுவந்து பெரிய மேசையிலிருந்து ஒரு விரல் தள்ளிப் போட்டான். லொவீனா இரண்டையும் மூடி ஒரே விரிப்பை விரித்தாள். எவ்வளவு நீளமான மேசை என்று வியந்தாள் கேரலின், அதே விரிப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. அந்த ஒரு விரலில்தான் இந்த வீடு நின்றுகொண்டிருந்தது. அது அவள் கண்ணில் படவில்லை. தொழுவம் மட்டும் பட்டிருக்கிறது.

இன்றும் மேசை தள்ளிப் போடப்பட்டது. வெர்னா வந்தாள். மௌன ஜெபம் முடிந்ததும் தன் பக்கமிருந்த குழம்புக் கிண்ணத்தைத் தூக்கினாள். எப்போதும் விரிப்பில் வைப்பாள், அம்மா எடுத்துக்கொள்வாள். இன்று வைக்கவில்லை. நீட்டினாள்.

"கீழ வைம்மா," என்றாள் லொவீனா.

"புக்க முழுசா படிச்சியாம்மா?"

"பெத்த பொண்ண மாட்டோட உக்கார வச்சாளே, அதுவரைக்கும் படிச்சேன். போதும்."

"கடைசில அவ மக கையிலேர்ந்து ரொட்டிய வாங்கிக்கிறா."

லொவீனாவுக்குக் காது கொதித்தது. எழுதுகிறவளுக்கு ஒரு வரி. கொடுத்தாள், வாங்கினாள், முடிந்தது.

"அடுத்த நாள் அந்த அம்மா சபை முன்னால போய் மன்னிப்புக் கேட்டு நின்னாளா? அத எழுதியிருக்காளா அவ?"

"இல்ல."

"நான் நிக்கணும்டி."

"தெரியும்." வெர்னாவின் குரல் உயரவில்லை. "உன் உடுப்புக்குப் பொத்தான் வச்சிருக்கா. நாம குண்டூசி குத்துறதுகூட அவளுக்குத் தெரியல. எல்லாம் பொய். எனக்குத் தெரியாதா? இது ஒண்ணு மட்டும் பொய்யா இல்லாம இருந்தா என்னன்னு தோணுச்சு."

"கை சுடப்போகுது, வெர்னா," என்றான் ஈனோஸ், தன் தட்டைப் பார்த்தபடி.

லொவீனா ரொட்டித் தட்டை வெடுக்கென்று ஒருபுறம் தள்ளினாள். ஊறுகாய் ஜாடியை மறுபுறம் தள்ளினாள். நடுவில் வெற்று விரிப்பு. உள்ளங்கையால் அதை அழுத்தித் தடவினாள். இரண்டு மேசையும் பிரியும் இடத்தில் துணி லேசாகக் குழிந்தது. கிண்ணத்தை அங்கே வைத்தால் பாதி இந்த மேசையில் நிற்கும், பாதி அந்த மேசையில்.

கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கிண்ணம் இறங்கவில்லை. அதன் அடியில் மகளின் விரல் நுனிகள் சிவந்துகொண்டே வந்தன.