பன்னிரண்டாவது புஷ்

காக்களூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் ஒரு மோல்டு கம்பெனியில் இளமதிக்கு டிசைன் வேலை. வாரம் பூராவும் பம்ப் மூடி, பக்கெட் கைப்பிடி என்று யாரோ கேட்டதை வரைந்து கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தனக்காக வரைவாள். அவள் வரைவதெல்லாம் வண்டிதான். பிளாஸ்டிக் கட்டைகளையும் பல்சக்கரங்களையும் ஒன்றோடொன்று பொருத்திச் செய்கிற, நிஜ வண்டி போலவே இயங்குகிற பொம்மை வண்டி. முதலில் லேப்டாப் திரையில் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்ப்பாள். வண்டி முழுசாக நின்றதும், எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்று சாஃப்ட்வேரே சொல்லிவிடும். பிறகு கட்டிலுக்கடியில் இருக்கும் டப்பாக்களை இழுத்துப் போட்டுக்கொண்டு கையால் கட்டத் தொடங்குவாள்.

டிராக்டர் கட்டியாயிற்று, கிரேன் லாரியும் கட்டியாயிற்று. இப்போது நெல் அறுக்கும் மிஷின். போன அறுப்பின்போது ஈக்காட்டில் அவர்கள் கழனிக்கு வந்த மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து வீடியோ எடுத்து, டிரைவரிடம் திட்டும் வாங்கியிருந்தாள். செயின் பட்டையில் ஊர்ந்து போக வேண்டும், முன்னால் உருளை சுழல வேண்டும், நெல் கொட்டும் குழாய் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. கட்டி முடித்த பிறகு உருளையை மேலே தூக்கினால் மட்டும் எங்கேயோ சிக்கியது.

அந்த ஞாயிறு காலை பாயை விரித்துப் போட்டு முன்பாகத்தை முழுசாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஊத்துக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அண்ணன் விமலுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட். வீட்டில் அவளும் அண்ணி மேகலாவும் ஒன்றரை வயது பவானியும்தான். இரண்டு நாளாகச் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த குழந்தை அப்போதுதான் பக்கத்து அறையில் தூங்கியிருந்தது.

“மதி, நான் தலைக்கு ஊத்திக்கினு வந்துடறேன். பாப்பா மேல ஒரு கண்ணு வெச்சுக்க.”

“நீங்க போங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்.”

சொல்லிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. மேல் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மோட்டார் சுவிட்ச் பின்பக்கம். இளமதி எழுந்து போய் அணைத்துவிட்டுத் திரும்பினாள். வருவதற்குள் குழந்தை எழுந்து வந்து பாயின் நடுவே உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் பல்சக்கரம், இன்னொரு கை வாய்க்குள். அவளைப் பார்த்ததும் சிரித்தது. சிரித்தபடியே இருமத் தொடங்கியது.

இளமதி பாய்ந்து தூக்கிக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினாள். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினாள். எச்சில்தான் வந்தது. இருமல் நின்று, குழந்தை அவள் செயினைப் பிடித்து இழுத்து விளையாடத் தொடங்கியது. மூச்சு கர்புர் என்றது. அது காலையிலிருந்தே அப்படித்தான் இருந்ததா, இப்போது வந்ததா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே பாயில் இருந்ததையெல்லாம் தட்டில் அள்ளிப் போட்டு, லேப்டாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பல்சக்கரங்கள் சரி. தண்டுகள் சரி. தண்டு நகராமல் பிடித்துக்கொள்ளும் சின்ன வளையம் ஒன்று உண்டு. புஷ் என்பார்கள், பட்டாணி அளவுதான் இருக்கும். முன்பாகத்துக்குப் பன்னிரண்டு என்றது சாஃப்ட்வேர். தட்டில் பதினொன்றுதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். பாயை உதறினாள், கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தாள், குழந்தையின் கவுனை உதறிப் பார்த்தாள். பதினொன்றுதான்.

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்த மேகலா அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இன்னாடி?”

“அண்ணி, மோட்டார ஆஃப் பண்ணப் போனேன். பாப்பா எழுந்து வந்து இதுல உக்காந்துக்கினு இருந்துச்சு. ஒரு பீஸ் காணோம். முழுங்கிடுச்சோன்னு பயமா கீது.”

மேகலா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தெருமுனையில் ஆட்டோ வைத்திருக்கும் பரசுராமனைக் கூப்பிடச் சொன்னாள். திருவள்ளூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இளமதியின் டப்பாக்களுக்காக மாமியாரிடம் பரிந்து பேசியவள் அவள் ஒருத்திதான். கண்டபடி திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று இளமதிக்குத் தோன்றியது. மேகலா வழியெல்லாம் விமலின் ஃபோனுக்கு அடித்துக்கொண்டே வந்தாள். பிளாண்டுக்குள் ஃபோன் எடுத்துப்போக விடமாட்டார்கள். மணி அடித்து அடித்து நின்றது.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலும் முதுகிலும் மாறி மாறி வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிளாஸ்டிக் இதுல தெரியாதும்மா. காசு, பட்டன் பேட்டரின்னா தெரியும்” என்றார்.

“அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கறது?” என்றாள் மேகலா.

“வயித்துக்குள்ள போயிருந்தா கவலை இல்ல, தானா வெளிய வந்துடும். மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா விடக் கூடாது. வலது பக்கம் கொஞ்சம் சத்தம் வருது. சளியாவும் இருக்கலாம், அந்தப் பொருளாவும் இருக்கலாம்.” இளமதி பக்கம் திரும்பினார். “ஒரு பீஸ் குறையுதுன்றது நிச்சயமா?”

“நிச்சயம், டாக்டர். எண்ணிப் பாத்தேன்.”

“அப்படின்னா சென்னைக்குத்தான் அனுப்பணும். மயக்கம் குடுத்து, குழாய் விட்டுப் பார்ப்பாங்க. நான் பேசி ஏற்பாடு பண்றேன். அதுவரைக்கும் தண்ணிகூடக் குடுக்காதீங்க.”

மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் மேகலா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பசியில் குழந்தை அவள் மார்பை முட்டி அழத் தொடங்கியது. இளமதி பக்கத்தில் போய் நின்றாள்.

“நீ ஊட்டுக்குப் போயி இன்னொருவாட்டி தேடு மதி” என்றாள் மேகலா, நிமிராமலே. “இங்க நீ நிக்கறதப் பாத்தா எனக்கு அழுகதான் வருது.”

பரசுராமன் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார். இளமதி அறையைத் துடைத்தெடுத்த மாதிரி தேடினாள். கட்டிலை நகர்த்தினாள். குப்பையை விரலால் கிளறினாள். முறத்தில் அரிசி பார்ப்பதுபோல் டப்பாக்களைப் பரப்பிப் பார்த்தாள். டப்பாக்களில் அதே மாதிரி புஷ் எத்தனையோ கிடந்தன. தொலைந்தது அதில் வந்து விழுந்திருந்தாலும் தெரியப்போவதில்லை. கடைசியில் லேப்டாப் முன்னால் கை ஓய்ந்து உட்கார்ந்தாள். இனிமேல் இந்தப் பெட்டிகளையே தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. முன்பாகத்துக்குப் பன்னிரண்டு என்று சொன்னது சாஃப்ட்வேர். கட்டும்போது அவள் எண்ணி எடுக்கவே இல்லை. டப்பாவில் கைவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்டதை மாட்டிக்கொண்டே போனாள். பன்னிரண்டு மாட்டியதை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

திரையில் மிஷினின் முன்பாகத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு புஷ்ஷாகத் தொட்டு எண்ணினாள். உருளையின் இடதுபக்கம், வலதுபக்கம், நடுத்தண்டு. கண்ணுக்குத் தெரிந்தது பதினொன்று. ஆனால் திரையோரத்து எண்ணிக்கை பன்னிரண்டு என்றே காட்டியது. ஒவ்வொன்றாக அழித்துப் பார்க்கலானாள். அழித்ததும் திரையிலிருந்து அது மறைய வேண்டும், மறைந்தது. வலதுபக்கக் கடைசி புஷ்ஷை அழித்தாள். எண்ணிக்கை ஒன்று குறைந்தது. புஷ் மட்டும் அந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொரு முறை அழித்தாள், இப்போது அதுவும் மறைந்தது. பிறகு புரிந்தது. இடதுபக்கத்தைக் காப்பி எடுத்து வலதுபக்கம் ஒட்டியபோது அந்த ஒன்றை இரண்டு முறை ஒட்டியிருக்கிறாள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், மயிரிழை பிசகாமல் இரண்டு புஷ். திரையில் அது நடக்கும். கையில் கட்டும்போது அந்த இடத்தில் ஒன்றைத்தான் மாட்ட முடியும். அவள் கட்டிய மிஷினில் பன்னிரண்டாவது புஷ் என்ற ஒன்று இருந்ததே இல்லை.

ஆனாலும் உடனே ஃபோனை எடுக்கப் பயமாக இருந்தது. ஆசைப்பட்டுத் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறோமோ என்று நினைத்தாள். தட்டில் இருந்த தண்டுகளையும் பல்சக்கரங்களையும் எடுத்து முன்பாகத்தை மறுபடி கட்டத் தொடங்கினாள். தண்டு துளையில் நுழைய மறுத்தது. சேலை நுனியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கட்டினாள். உருளை, கைகள், நடுத்தண்டு. பதினொன்றாவது புஷ் டக்கென்று உட்கார்ந்தபோது தட்டு காலியாக இருந்தது. மாட்டாத இடம் எதுவும் மிச்சமில்லை. தண்டுகளை இழுத்துப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை.

“அண்ணி,” என்றாள் ஃபோனில், “பாப்பா எதையும் முழுங்கல. எதுவும் தொலையவே இல்ல. நான் தப்பா வரைஞ்சிருக்கேன்.”

மறுமுனையில் குழந்தை அழும் சத்தம்தான் கேட்டது.

“அண்ணி, கேக்குதா?”

“நிச்சயமா சொல்றியா? காலைல கூட நிச்சயம்னுதான் சொன்ன.”

“காலைல கம்ப்யூட்டர் சொன்னதச் சொன்னேன். இப்ப முழுசாக் கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். டாக்டர்கிட்ட குடுங்க.”

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கட்டிய மிஷினையும் திரையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இளமதி ஆட்டோவில் ஏறி மறுபடி போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூக்கில் மருந்துப் புகை வைத்து முடித்திருந்தார்கள். டாக்டர் திரும்பவும் முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

“இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குது. சளிதான். சென்னை வேணாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க, நான் இன்னொரு தடவை பாத்துட்டு அனுப்பிடறேன். இட்லி ஏதாவது ஊட்டுங்க, பாவம், பசியில கத்துது.” அறையை விட்டு வெளியே போகப் போனவர் நின்றார். “அந்தச் சின்னச் சாமானை எல்லாம் உயரத்துல வைங்க. இன்னிக்குத் தப்பிச்சீங்க.”

“வெச்சுடறேன், டாக்டர்.”

அவர் போனதும் மேகலா அழத் தொடங்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் குலுங்கிக் குலுங்கி வந்தது. இளமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தயங்கினாள். மேகலாவே அவள் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“காலைல பீஸ் காணோம்னு நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்குத் தெரியவே தெரியாது” என்றாள்.

“சொல்லாம எப்படி அண்ணி இருக்க முடியும்?”

“அதான் சொல்றேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா ஒன்னு. இனிமே அந்தப் பாய விரிச்சா ரூம உள்பக்கம் தாப்பா போட்டுக்க. மோட்டார நான் பாத்துக்கறேன்.”

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் விமல் மேகலாவைக் கூப்பிட்டான். இத்தனை மிஸ்டு கால் பார்த்ததில் அவன் குரலே மாறியிருந்தது. “இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?” என்று அவன் கத்தியது இளமதிக்கும் கேட்டது. கொடுங்கள், நானே சொல்கிறேன் என்று அவள் கை நீட்டினாள். மேகலா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

“பாப்பாக்குச் சளிதான்ங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டோம், நல்லா கீது. நீங்க ஒன்னும் ஓடி வர வேணாம். ஊட்டுக்கு வாங்க, ஒக்காந்து சொல்றோம்.”

சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். வெளியே வந்ததும்தான் இரண்டு பேருக்கும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. எதிரே ஒரு டிபன் கடை. குழந்தை இளமதியின் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. சூடாக போண்டா வந்தது.

மேகலா ஒரு வாய் கடித்துவிட்டுத் திடீரென்று சிரித்தாள்.

“இன்னா அண்ணி?”

“எங்க தம்பி சின்னதுல எங்கம்மா தோட்டுத் திருகாணிய முழுங்கிட்டான். எங்க நைனா அவன ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கினு போவல. வாழப்பழமா ஊட்டுனாரு. மறுநாள் காலைல தென்னந்தொடப்பக் குச்சியோட கொல்லைல அவன் பின்னாடியே போயி ஒக்காந்துக்கினாரு.”

“கெடச்சுதா?”

“கெடச்சுது. எங்கம்மா இன்னும் அத போட்டுக்கினுதான் கீது.”

இளமதி வாயில் இருந்ததைத் துப்பிவிடாமல் இருக்கக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதில் குழந்தை முனகி, முகத்தை மறுபக்கம் திருப்பித் தூக்கத்தைத் தொடர்ந்தது. மேகலா சட்னியைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்து இன்னொரு பிளேட் என்று கை காட்டினாள்.