சண்முகநாதன் வைச்ச கையெழுத்து

தியாகலிங்கத்தை ஒரு வழி பண்ணாமல் விடுறேல்லை எண்டு சாம்பவி முடிவெடுத்தது பஸ்ஸுக்குள்ள. இருக்க இடம் கிடந்தது, ஆனா அவளுக்கு இருக்க ஏலேல்லை. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு, நிண்டே வந்தாள். பக்கத்தில இருந்த வெள்ளைக்காரக் கிழவி, இந்தப் பிள்ளைக்கு வயித்துக்குத்தோ எண்ட மாதிரிப் பாத்துக்கொண்டே வந்தவ.

ஆர் இந்தத் தியாகலிங்கம் எண்டு கேப்பியள். சொல்லுறன்.

தொண்ணூத்தொன்பதாம் ஆண்டு அது. கரண்டை இனி விரும்பின கொம்பனியிட்ட வாங்கலாம், சந்தை திறக்கப்போகுது எண்டு ரொறன்ரோ முழுக்கக் கதை. சந்தை திறக்கேல்லை. எப்ப திறக்கும் எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா ஸ்காபரோவில கதவைத் தட்டுற ஆக்கள் மட்டும் ரெடி. ஒருத்தன் வந்து முதல் ரெண்டு மாதம் கரண்ட் ஃபிறீ எண்டுவான். அடுத்த நாள் ஒருத்தி வந்து, அவன்ர ரெண்டு மாதம் ஆருக்கு வேணும், நாங்கள் வருஷத்துக்கு ஒரு மாதம் ஃபிறீ எண்டுவாள். மூண்டாமவன் நூறு டொலர் செக் எண்டுவான். எல்லாருக்கும் வேண்டியது ரெண்டே ரெண்டு சாமான்: உங்கட ஹைட்ரோ பில் (இங்க கரண்டுக்குப் பேர் ஹைட்ரோ), உங்கட கையெழுத்து.

அந்த ரெண்டு மாதம் ஃபிறீ கொம்பனி தமிழ்ச்சனத்துக்கெண்டே பிடிச்சு வைச்ச ஆள்தான் தியாகலிங்கம். ஐம்பது வயசு, நீலக் கோட், கழுத்தில ரை, கையில தோல் பை. வாசலில நிண்டு விலை கதைக்கமாட்டார். "ஊரில எவடம்?" எண்டுதான் தொடங்குவார். நீங்கள் எந்த ஊரைச் சொன்னாலும் அவற்ற சித்தப்பா ஒராள் அங்கதான் கலியாணம் கட்டினவர். பிறகென்ன, உள்ளுக்க வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. தேத்தண்ணி குடுத்த ஆளுக்கு இல்லையெண்டு சொல்ல எங்கட ஆக்களுக்கு வாய் வராது. பில்லைக் கொண்டுவந்து கையில குடுத்திடுவினம்.

சாம்பவி வீட்டுக்கும் அப்பிடித்தான் வந்தவர், அவள் வேலைக்குப் போன நேரமாப் பாத்து. தாய் இராஜேஸ்வரி தேத்தண்ணியும் குடுத்து பில்லையும் காட்டினவ. ஆனா கையெழுத்து எண்ட உடன, "மகள் வந்து பாக்கட்டும் தம்பி" எண்டு சொல்லிப்போட்டா. "ஓம் அக்கா, அவசரமேயில்லை" எண்டு சிரிச்சுக்கொண்டு எழும்பிப் போனவர், போற வழியில ஒரு டோனற் கடையில குந்தியிருந்து தானே கையெழுத்தை வைச்சிட்டார்.

அங்கதான் மனுசன் பிழை விட்டது.

கனடாவில எங்கட ஆக்களுக்குக் கடைசிப் பேர் எண்டுறது தகப்பன்ர பேர்தானே. சாம்பவி பில்லில எஸ். சண்முகநாதன். அதுக்கு முன்னால ஹைட்ரோவில ஆரோ ஒரு மிஸ்டரையும் ஒட்டி விட்டுட்டாங்கள். திருத்துங்கோ எண்டு அவள் ஒருக்கா ஃபோன் அடிச்சு, அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுப்போட்டு வைச்சிட்டாள். தியாகலிங்கம் பில்லைப் பாத்தார். மிஸ்டர் சண்முகநாதன். சரி, வீட்டுக்காரர் இவர்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவா வளைச்சு, கீழ ஒரு கோடும் இழுத்து வைச்சிருந்தார். அதுக்குக் கீழ, "என் கண் முன்னால ஒப்பமிட்டார்" எண்ட இடத்தில தன்ர கையெழுத்து.

சண்முகநாதன் சாம்பவின்ர அப்பா. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில காலமை சைக்கிளில வேலைக்குப் போனவர். சைக்கிளும் வரேல்லை, ஆளும் வரேல்லை. ஆர் பிடிச்சது, எங்க வைச்சது, ஒண்டும் தெரியாது. ஒம்பது வருஷம். இராஜேஸ்வரி இண்டைக்கும் பொட்டு வைக்கிறா, தாலி போடுறா. ஏன் எண்டு கேக்க ஒருத்தருக்கும் துணிவில்லை.

கொம்பனிக் கடிதம் வந்த நேரம் சாம்பவி ஒஷாவாவில. வேலைப் பயிற்சி, ரெண்டு நாள் சிநேகிதி வீட்டில நிண்டவள். இராஜேஸ்வரிக்கு இங்கிலிஸ் வாசிக்கிறது கஷ்டம். ஆனா புருஷன்ர பேர் இங்கிலிசில எப்பிடி இருக்கும் எண்டு வடிவாத் தெரியும். காணாமல் போனவரைத் தேடித்தாங்கோ எண்டு எத்தினை ஃபோம் நிரப்பின மனுசி! கடிதத்தில அவற்ற பேர். கூட வந்த பேப்பரில அவற்ற பேரில கையெழுத்து. பக்கத்தில இந்த மாதத்துத் திகதி.

அவ என்னெண்டு விளங்கியிருப்பா, நீங்களே சொல்லுங்கோ.

சாம்பவி திரும்பி வரேக்க கதவு பூட்டாமல் கிடந்தது. தாய் பட்டுச்சீலை கட்டியிருந்தா. மேசையில மூண்டு கோப்பை. கதிரையில ஆம்பிளையள் கட்டுற புதுச் சாரம் ஒண்டு, விலை ஒட்டினபடி. "ஃபோனில சொன்னா உனக்குப் பதட்டம் வருமெண்டு சொல்லேல்லை" எண்டு சிரிச்சா. அப்பிடி ஒரு சிரிப்பை சாம்பவி கண்டு ஒம்பது வருஷம்.

கடிதத்தை வாசிச்சு விளங்கப்படுத்த அவளுக்கு மூண்டு நிமிஷம் எடுத்தது. இராஜேஸ்வரி முழுக்கக் கேட்டா. ஒரு கோப்பையை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சா. சோத்துப் பானையை மூடி ஃபிறிஜ்ஜுக்குள்ள வைச்சா. அழுதிருந்தா சாம்பவிக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அழேல்லை.

அடுத்த நாள்தான் அந்தப் பஸ்.

வேலையால வந்த உடன ஃபோனை எடுத்தாள். குரலில தேன்.

"அங்கிள், நான் இராஜேஸ்வரியின்ர மகள். எங்கட ரவுண்ஹவுஸ் தொடரில பதினாலு வீடும் தமிழாக்கள். எல்லாருக்கும் உங்கட ஃபிறீ கரண்ட் வேணுமாம். ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு வாறியளோ?"

"பதினாலோ? ஐயோ பிள்ளை, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்!"

அவள்ர திட்டம் லேசு. சனத்துக்கு முன்னால அந்தாளின்ர வாயால பொய்யைச் சொல்ல வைக்கிறது. பிறகு எல்லாரும் சாட்சி எண்டு எழுதிக் கொம்பனிக்கு அனுப்பி, வேலையைப் பறிக்கிறது.

ஞாயிறு வீடு நிறையச் சனம். பக்கத்து வீட்டு ஜோசப்பின் அன்ரி முன்கதிரையைப் பிடிச்சிட்டா. சாம்பவி மூண்டு கொம்பனிப் பேப்பரையும் மேசையில விரிச்சு வைச்சிருந்தாள், சின்ன எழுத்துக்கெல்லாம் மஞ்சள் அடிச்சு.

"அங்கிள், இவையளுக்கு நாங்கள் நிறுத்துப் பாத்துச் சொல்லவேணுமெல்லே. உங்கட ரெண்டு மாதம் ஃபிறீ எண்டுறது முழு பில்லுமோ?"

"கரண்டுக்கான காசு மட்டும் பிள்ளை. கம்பியால கொண்டு வாற செலவு வேற."

"அப்ப பில் வரும்."

"வரும்... சின்னனா."

"அஞ்சு வருஷத்துக்கு ஒரே விலை. சந்தையில விலை இறங்கினா?"

"இறங்காது."

"சந்தையே திறக்கேல்லை, இறங்காதெண்டு உமக்கு ஆர் சொன்னது?" எண்டு ஜோசப்பின் அன்ரி கேட்டா. "திறக்காத கடையில ஃபிறீச் சாமான். நல்ல ஆள் நீர்!"

சனம் சிரிச்சுது. தியாகலிங்கமும் சேர்ந்து சிரிச்சு, நெத்தியைத் துடைச்சார்.

"சரி, உந்தக் கதையை விடுவம்" எண்டு சாம்பவி கடிதத்தோட வந்த பேப்பரை எடுத்தாள். "எங்கட வீட்டுக் கொன்ராக்ற் இது. மிஸ்டர் சண்முகநாதன். இந்தக் கையெழுத்தை ஆர் வைச்சது அங்கிள்?"

பேப்பரைப் பாத்தார். அவளைப் பாத்தார். பதினாலு வீட்டுச் சனத்தையும் பாத்தார். கொம்பனியில வைக்கிற கையெழுத்துக்கெல்லாம் அவர்தானே சாட்சி. தான் காணேல்லையெண்டு சொன்னா ஆள் துலைஞ்சார்.

"உங்கட அப்பாதான் பிள்ளை வைச்சவர். நான் முன்னால இருந்து பாத்தனான். பிறகு ஒருநாள் வரேக்க வீட்டில நிண்டவர். நல்ல மனுசன், கனநேரம் கதைச்சவர்."

அங்க இருந்த அத்தினை பேருக்கும் சண்முகநாதன்ர கதை தெரியும். ஜோசப்பின் அன்ரி சிலுவை போட்டா. மாட்டினார், எண்டு சாம்பவி வாயைத் திறக்கப்போனாள்.

அதுக்கு முதல் குசினி வாசலில இருந்து ஒரு குரல்.

"எப்பிடி இருந்தவர்?"

இராஜேஸ்வரி. கையைத் துடைச்சுக்கொண்டு வந்து தியாகலிங்கத்துக்கு முன்னால நிண்டா.

"அவரை நான் கண்டு ஒம்பது வருஷம் தம்பி. காணாமல் போனவர். நீங்கள் கண்டிருக்கிறியள். மெலிஞ்சு போனாரோ? தலை நரைச்சிட்டுதோ?"

தியாகலிங்கம் வாசல் பக்கம் பாத்தார்.

"அக்கா... எனக்குத் தெரியாது அக்கா..."

"கனநேரம் கதைச்சவர் எண்டியள். என்ன கதைச்சவர்? என்னைக் கேட்டவரோ?"

"அக்கா, நான் சும்மா..."

"எங்க இருக்கிறார் எண்டு சொன்னவரோ?"

மனுசன் தோல் பையைத் தூக்கினார், தட்டுப்பட்டு, சப்பாத்தையும் ஒழுங்காப் போடாமல் வெளியில போனார். பதினாலு வீட்டில ஒரு வீடும் கையெழுத்து வைக்கேல்லை. சாம்பவி அண்டைக்கே கடிதத்தை எழுதி முடிச்சாள். தபாலில போடக் கோட்டைப் போடேக்க, தாய் மறிச்சா.

"உந்தக் கடிதத்தை இப்ப போடாதை."

"ஏன்? அவன்ர வேலை போகவேணும் அம்மா!"

"வேலை போனா வேற வேலை எடுப்பான். அவன்ர வீடு எவடம் எண்டு கேட்டு வை."

"அம்மா, உங்களுக்குத் தெரியும்தானே... அப்பா..."

"எனக்குத் தெரியாதே உது? விசரெண்டு நினைச்சியோ என்னை?" இராஜேஸ்வரி மகளை நேரா பாத்தா. "ரெண்டு நாள் நான் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தனான். அவனும் கொஞ்சம் இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு சாம்பவிதான் கார் ஓடினாள். தியாகலிங்கத்தின்ர வீடு பிறம்ரனில. கதவைத் திறந்தது அவற்ற மனுசி பாலேஸ்வரி.

"உங்கட இவர் எங்கட இவரைக் கண்டவராம். புதுசா ஏதும் தெரிஞ்சதோ எண்டு கேக்க வந்தனான்" எண்டா இராஜேஸ்வரி. நல்ல மரியாதையா.

அவையும் எங்கட சனம்தானே. வாசலில நிக்கிற மனுசியை உள்ளுக்க கூப்பிடாமல் விடேலுமோ? தேத்தண்ணி குடுத்தினம். இராஜேஸ்வரி ஆறுதலாக் குடிச்சா. முழுக்கதையையும் சொன்னா, சைக்கிளில இருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும். பாலேஸ்வரி புருஷனைத் திரும்பிப் பாத்த பார்வையை சாம்பவி நல்லா ரசிச்சாள். பொய் சொல்லப்படாது, ரசிச்சாள்.

அதுக்கடுத்த ஞாயிறும் போச்சினம். அதுக்கடுத்த ஞாயிறும். ஒவ்வொருமுறையும் அதே கேள்வி, அதே மெல்லிய குரல். "வந்தவரோ தம்பி? ஃபோன் ஏதும் அடிச்சவரோ?"

நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை தியாகலிங்கம் சாம்பவிக்கு வேலையிடத்துக்கு ஃபோன் அடிச்சார். குரல் கீச்சிட்டுது.

"பிள்ளை, அந்தக் கடிதத்தைக் கொம்பனிக்குப் போடும். நானே ஒத்துக்கொள்ளுறன். நானே வைச்சனான் எண்டு எழுதித் தாறன். என்ர மனுசி என்னோட கதைக்கிறாவில்லை. பெல் அடிச்சா நான் அறைக்குள்ள ஓடுறன். அம்மாவை வரவேண்டாம் எண்டு சொல்லும் பிள்ளை, கும்பிட்டுக் கேக்கிறன்."

கடிதம் அவளின்ர கைப்பையிலதான் கிடந்தது, முத்திரையும் ஒட்டினபடி.

"அம்மாட்டக் கேட்டுச் சொல்லுறன் அங்கிள்" எண்டாள் சாம்பவி. "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில நில்லுங்கோ."