சோப்புக்கு மூணு பைசா வரி

"தூசியைத் தட்டிட்டுப் பேசுங்க சாமி. தீவாளிக்கு வந்த சோப்பு இது. நேத்துப் போட்ட வரி இதுமேல எப்படி ஒட்டுச்சு?"

"நான் என்ன செய்யட்டும்? டில்லியில பட்ஜெட் போட்டாச்சு. ரேடியோல கேட்டியோ இல்லியோ?"

"கேட்டேன். கட்டிக்கு மூணு பைசாதான் கூடும்னு எங்க கணக்கர் சொல்றாரு. நீங்க பதினஞ்சு ஏத்தியிருக்கீங்க. மிச்சமும் டில்லிக்கா போகுது?"

சுக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கும் மாயம்மாளும் மளிகைக்கடைக் கல்யாணராமனும் போட்ட கூச்சல் மட்டாஞ்சேரி பஜார் முழுக்கக் கேட்டது. கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் நான் காதைத் தீட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மறுநாள் சலவைக்காரன் கூலி ஏற்றினான். சவரக்கடையிலும் ஏற்றினார்கள். கேட்டால், சோப்பு. கைவண்டி ராசப்பனும் ஏற்றினான். அவன் வண்டியை எந்தச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுகிறானோ.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூணித்துறையிலிருந்து வெங்கடேஸ்வரன் வந்து இறங்கினார். கல்யாணராமன் மகள் கமலாக்ஷியை அவர் பிள்ளைக்கு இருபது பவனுக்குப் பேசி முடித்திருந்தது. சித்திரையில் முகூர்த்தம்.

"எல்லாம் விலை ஏறிடுத்து ஓய். இருபத்தஞ்சாப் பண்ணிடும்."

"தையிலேயே பேசி முடிச்சாச்சே. உம்ம பிள்ளை பட்ஜெட்டுக்கு முன்னாடி பொறந்தவன்தானே? அவனுக்கு என்ன புது வரி?"

"உம்ம சோப்பும் முன்னாடி வந்ததுதான். சாயாக்கடையில அந்தக் கதைதான் ஓடறது. நீர் பண்ணினா வியாபாரம், நான் பண்ணினா அநியாயமோ?"

கடையின் பின்கட்டு வீட்டிலிருந்து கமலாக்ஷியின் குரல் வந்தது. "அப்பா, சோப்பைப் பழைய விலைக்கே குடுங்கோ. அப்பறம் இவர்கிட்ட நியாயம் கேளுங்கோ."

மனுஷர் யோசித்தார். யோசித்துவிட்டு கூடுதல் ஐந்து பவனுக்குச் சம்மதித்தார். மறுநாள் சோப்பில் இன்னும் பத்துப் பைசா ஏற்றினார். மகள் கல்யாணத்துக்குப் பஜாரே மொய் எழுத வேண்டுமாம். டில்லிக்காரன்கூட ஒரு தடவைதான் ஏற்றினான்.

மாயம்மாள் கிட்டங்கிப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்கு மாறிவிட்டாள். உப்பும் புளியும்கூட அங்கேதான். சித்திரை வந்தது, ஐந்து பவன் சேரவில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று வெங்கடேஸ்வரன் சொல்லியனுப்பிவிட்டார்.

கமலாக்ஷி அழுதது ஒரே ஒரு நாள், பின்கட்டு முற்றத்தில்; என் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆவணியில், கடைக்குப் பில் சோதிக்க வந்துபோன விற்பனை வரி ஆபீஸ் குமாஸ்தா ராமபத்ரன் ஒரு பவன்கூடக் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டு ஆலுவாவுக்குப் போய்விட்டான். வெங்கடேஸ்வரன் பிள்ளைக்குப் பம்பாயில் பெண் அமைந்தது. எத்தனை பவன் என்பதுதான் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.