லட்டு இல்லாத திருப்பதி

கிச்சா அன்றைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். அறைக்குள் வந்தும் கழற்றவில்லை. கிரிக்கெட் விளையாடுகிற பையன்கள் போடுகிற தொப்பி. இவனுக்கோ ஐம்பத்தைந்து வயது, பெங்களூரில் பெரிய உத்தியோகம். இந்த வயதில் என்ன மைனர் வேஷம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் கோபமும் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. அதனால்தான் எல்லாம் வெளியே வந்தது.

நான் பசம்மா, கொள்ளேகால் பக்கத்துக்காரி. விஜயநகரில் இந்த முதியோர் இல்லத்து மாடியில் எனக்கும் சீதாலக்ஷ்மி மாமிக்கும் ஒரே அறை. கிச்சா மாமிக்கு ஒரே மகன். மாமியின் வீட்டுக்காரர் சாம்பு ரயில்வேயில் இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரைக் கீழ்த்தளத்தில், படுக்கையில் கிடப்பவர்களோடு போட்டிருந்தார்கள். மாமிக்கு முழங்கால் மடங்காது. தினமும் ஒரு தடவை சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டில் கீழே கூட்டிப்போவார்கள். ஆடி மாதம் திடீரென்று அதை நிறுத்திவிட்டார்கள். கீழே ஏதோ தொற்றுக் காய்ச்சல், யாரையும் விடமாட்டோம் என்றார் மேனேஜர் பிரதிபா. மாமி மறுபேச்சு பேசவில்லை. சட்டம் என்றால் சட்டம் என்று இருந்துவிடுகிற பிறவி. ஆனால் சாயங்காலக் காபியோடு வரும் இரண்டு பிஸ்கட்டைத் தான் தொடமாட்டார். "பால்ல ஊறவச்சு அவருக்குக் குடுத்துடும்மா" என்று ஆயா ஸ்வாதியிடம் கொடுத்தனுப்புவார். ஸ்வாதி வாங்கிக்கொண்டு போவாள். மறுநாள் "தாத்தா சாப்பிட்டாரும்மா" என்பாள். மாமிக்கு அது போதும்.

எனக்குச் சுசித்ரா என்று ஒரு மகள், நாலு தெரு தள்ளி இருக்கிறாள். ஊரில் ஒரு தம்பி, பழனிமுத்து. சந்தைக்குப் போகிற நாளெல்லாம் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு, தக்காளி விலையிலிருந்து எவன் வீட்டு எருமை கன்று போட்டது என்பது வரை கத்திச் சொல்வான். கோடையோடு அது நின்றுபோனது. கேட்டதற்கு, மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றாள் சுசித்ரா. காது போனால் வாயுமா போய்விடும்? கூடப் பிறந்தவளை மறந்த பயல், அவன் வாயில் மண் விழ என்று திட்டினேன். "அப்படிச் சொல்லாதேம்மா" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாய்மாமனைச் சொன்னால் பொறுக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

கிச்சா எப்போதும்போல் தேவராஜா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையை இலைப் பொட்டலத்தோடு நீட்டினான். மாமி பாதியைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, மீதியைச் சாமி படத்துக்கு என்று என்னிடம் கொடுத்தார். மாமியின் மணிக்கட்டில் மஞ்சள் சரடு இன்னும் நிறம் மங்காமல் இருந்தது. போன வாரம் வரலட்சுமி நோன்புக்கு மாடி வராந்தாவில் கலசம் வைத்தார்கள். புருஷன் ஆயுசோடு இருக்கவேண்டும் என்று சுமங்கலிகள் கட்டிக்கொள்கிற சரடு அது. பிரதிபாவே தன் கையால் கட்டி, குங்குமம் இட்டு, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

புழுக்கம் தாங்காமல் கிச்சா தன்னை மறந்து தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். பார்த்தால் மொட்டை. மீசையும் இல்லை.

"அட, இதுக்குத்தானா தொப்பி!" நான் கைதட்டினேன். "எந்தச் சாமிக்கப்பா?"

"திருப்பதிக்கு" என்றான், தொப்பியைத் தேடிக்கொண்டே.

"திருப்பதி போய்ப்போட்டு வெறுங்கையோடவா வந்தே? லட்டு எங்கெ சாமி? வழியிலயே தின்னுபோட்டியா?"

சிரிக்க வேண்டியவன் சிரிக்கவில்லை. "கூட்டம் ஜாஸ்தி... லட்டு கிடைக்கலை" என்றான். தரிசனம் கிடைக்காமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். லட்டு இல்லாமல் திரும்பியவனை நான் கண்டதில்லை. அதையும் சொல்லிக் கிண்டல் பண்ண வாயெடுத்தவள், மாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

"கிச்சா, இங்க வா. குனி."

அவன் குனிந்தான். மாமி அவன் தலையைத் தடவினார். பின்னந்தலையில் கை நின்றது. அங்கே சின்னதாக ஒரு கற்றை முடி விட்டிருந்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்தது.

"திருப்பதியில குடுமி விட்டாடா மொட்டை போடறா? யாருக்குக் காரியம் பண்ணினே?"

அவன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா எப்போடா போனார்?"

கிச்சா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "ஆடி அமாவாசைக்கு மறுநாள்மா. தூக்கத்துலேயே. உனக்கு ஹார்ட் வீக், தாங்கமாட்டியேன்னு டாக்டரும் சொன்னார்... நாங்கதான் சொல்ல வேண்டாம்னுட்டோம்."

கீழே ஒரு மனுஷன் செத்து, தூக்கிக்கொண்டு போய், எரித்து, பதின்மூன்று நாளும் முடித்துவிட்டார்கள். மேலே நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாமி அழவில்லை. "அமாவாசைக்கு மறுநாள்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். சரடைப் பார்த்தார். "அப்போ நோன்பு அன்னிக்கு அவர் இல்லை." கை தலைப்பூவுக்குப் போயிற்று. "இன்னிக்கும் பூ வாங்கிண்டு வந்திருக்கியே."

"வாங்கலேன்னா கேட்பியேம்மா."

"ஒரே கட்டடம்டா. நடுவுல ஒரு லிஃப்டுதான். ஒரு தடவை முகத்தைக் காட்டியிருக்கப்படாதா?"

அந்த நேரம் பார்த்து ஸ்வாதி காபித் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டை வைத்துவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினாள். "தாத்தாவோட பிஸ்கட் குடுங்கம்மா." அப்புறம்தான் கிச்சாவின் தலையைப் பார்த்தாள். நீட்டின கை நீட்டினபடியே நின்றது. சின்னப் பெண், சொன்னதைச் செய்தவள், அவளை நான் என்ன சொல்ல?

"போய் உன் மேடத்தை வரச்சொல்லு" என்றேன்.

பிரதிபா வந்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "கோபம் பேட, வேண்டாம்மா. இது ஃபேமிலி டிசிஷன். மகன்தானே கையெழுத்துப் போட்டுச் சேர்த்தாரு? அவர் சொன்ன மாதிரிதானே நாங்க நடக்கணும்?"

இத்தனை நாளும் அவரை நீங்க வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மரியாதை எங்கே போனதென்று தெரியவில்லை.

"அம்பது அறுபது வருசம் குடித்தனம் பண்ணுன பொண்டாட்டி ஃபேமிலி இல்லியா? புருசன் செத்தான்னு கேக்கறதுக்கு மகன் பர்மிசன் குடுக்கோணுமா? சோறு போடறயே, மாத்திரை குடுக்கறயே, அதோட இவிய உசுரையும் சேத்து எழுதி வாங்கிப்போட்டியா? ஆளு இல்லீன்னு தெரிஞ்சே சரடு கட்டினியே, உனக்குக் கை கூசலியா?"

பிரதிபாவின் கண் கலங்கிவிட்டது. கெட்டவர் இல்லை அவர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நான் மட்டும் என்னம்மா பண்றது? எல்லா வீட்லயும் இதையேதான் சொல்றாங்க. சொல்லாதீங்க, தாங்கமாட்டாங்கன்னு. உங்க வீட்ல கூட..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"எங்க வீட்ல கூட என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க ஸ்வல்பம் உட்காருங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட சுசித்ராவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கோடையோடு நின்றுபோன போனும். நான் திட்டிய திட்டும்.

"பழனிமுத்துவா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிரதிபா எனக்குப் பதில் சொல்லாமல் கிச்சாவின் முகத்தைப் பார்த்தார். அறையில் யாராவது ஒரு பிள்ளை அனுமதி கொடுத்தால்தான் அவருக்கு வாய் திறக்கும்போல. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சரடு கட்டிய கையால் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவாளோட தம்பி. அவாகிட்ட சொல்லுங்கோ" என்றார்.

பிரதிபா தரையைப் பார்த்தபடி சொன்னார். "தீபாவளி முடியட்டும்னு சுசித்ரா மேடம் சொன்னாங்க."

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.