மாற்றம் இருந்தால் மட்டும்

மோடத்தில் லேப்டாப் வயரைச் செருகிவிட்டு ஹனீஃபா ஐந்து நிமிடமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ‘பாக்கெட் அனுப்பும் முறை: மாற்றம் இருந்தால் மட்டும்.’ இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனே வைத்தது. வேறு யாருக்கும் தெரியாது. இன்ஜினியர் பெனடிக்ட் கூட, “மோடத்த ஒரு தடவ செக் பண்ணிட்டு வந்துடுங்க பாய்” என்று சொன்னதோடு சரி.

கொள்ளிடக் கரையில் இருக்கும் அந்தப் பம்ப் ஹவுஸில் பகல் முழுக்கச் சின்னையா ஒற்றை ஆள். அரை மணிக்கொரு தரம் பேனலில் உள்ள பச்சை பட்டனை அழுத்த வேண்டும். ஆள் நல்லபடியாக இருக்கிறார் என்ற சேதி ரேடியோ மோடம் வழியாக ஒரு சின்ன பாக்கெட்டாக ஸ்ரீரங்கத்தில் இருக்கும் கண்ட்ரோல் ரூமுக்குப் போகும். போகாவிட்டால் அங்கிருக்கும் கம்ப்யூட்டர் அவர் போனுக்கு அடித்து உயிரை வாங்கும். எடுக்காவிட்டால் ஆள் தேடி வருவார்கள். காற்றடிக்கிற நாளில் பாதி பாக்கெட் வழியிலேயே தொலைந்துவிடும், பட்டனை அழுத்தியும் போன் வரும். “சோத்துல கை வச்சாப் போதும் தம்பி, அடிச்சிரும். ஒரு வழி பண்ணுங்க” என்று மனுஷன் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

முறையான வழி ஒன்று இருந்தது. கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி வைக்க வேண்டும், தொலைந்த பாக்கெட்டை மோடம் எத்தனை முறை திரும்ப அனுப்பலாம் என்ற எண்ணைக் கூட்ட வேண்டும். அரை நாள் வேலை. அன்றைக்கு வெயில் கொளுத்தியது, நோன்பு வேறு. ஹனீஃபா இந்த ஒரு வரியை மாற்றிவிட்டுப் போய்விட்டான். காலையில் ஒரு முறை அழுத்தினால் போதும். அப்புறம் சேதி வராவிட்டால் எதுவும் மாறவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

போன செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் சின்னையா மோட்டார் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். மாலை ஐந்து வரைக்கும் கண்ட்ரோல் ரூம் திரையில் பச்சைதான். ஷிப்ட் மாற்ற வந்த பிரவீன்ராஜ்தான் பார்த்தான். உயிர் உடனே போயிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து ஹனீஃபாவுக்குத் தூக்கம் இல்லை.

வாசலில் நிழல் தட்டியது. சின்னையாவின் மனைவி வீரம்மாள். அவருடைய சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப்போக வந்திருந்தாள்.

“ஹனீஃபா தம்பியா? அவரு வாய்க்கு வாய் உங்களத்தான் சொல்வாரு. ரெண்டு மாசமா நிம்மதியாச் சாப்புடுறேன், அந்தத் தம்பி புண்ணியம்னு.”

அதற்குப் பதில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் புண்ணியம் காலத்துக்கும் அவன் பேரிலேயே இருக்கும். ‘அரை மணிக்கொரு முறை’ என்று மாற்றிச் சேமித்தான். பிறகு எழுந்து நின்றான்.

“அக்கா, போன் வராம நிறுத்தினது நான்தான். நான் கை வைக்காம இருந்திருந்தா அன்னிக்குப் பத்தரைக்கே அடிச்சிருக்கும்.”

வீரம்மாளுக்கு அது மெல்லத்தான் பிடிபட்டது. “அவரு எடுக்கலன்னா?”

“ஆள் வந்திருப்பாங்கக்கா.”

அவள் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அவள் பைக்குள் போன் அடித்தது. சின்னையாவின் போன். இப்போது பகல் ஷிப்டும் பார்க்கும் பிரவீன்ராஜ் காலையில் ஒரு முறை பட்டனை அழுத்தியதோடு சரி; சாப்பிடப் போயிருந்தான், மறுபடி அழுத்த ஆளில்லை. கம்ப்யூட்டரிலோ இன்னும் பழைய நம்பர்தான். வீரம்மாள் எடுத்துக் காதில் வைத்தாள். பதிவு செய்த பெண் குரல் ஹனீஃபாவுக்கும் கேட்டது. “பணியில் இருப்பதை உறுதி செய்ய, பச்சை பட்டனை அழுத்தவும்.”

“அவரு இல்லைங்க” என்றாள் வீரம்மாள், மரியாதையாக.

குரல் அதையே திரும்பச் சொல்லிவிட்டு நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. ஹனீஃபா பாய்ந்து போய்ப் பட்டனில் விரலை வைத்தான்.

“வேணாம் தம்பி. அடிக்கட்டும்.”

அவள் போனை மேஜை மேல் வைத்தாள். அது அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.