ரீச்சரின் ஒரே கதை

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்து மேடையில் றஞ்சிதம் ரீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வரும்போதே மனம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கைப்பையில் புதுக் கதை. அதை இன்றைக்கு நாலு பேர் காதில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எழுபதுகளில், பேக்கரி வாசலில் பாணுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், இளம் வயதில் ஒரு கதை எழுதினார். முதலாளிக்காக வரிசையில் நிற்கும் இயந்திரம் ஒன்று, முறை வந்ததும் தனக்கும் ஒரு பாண் கேட்கிறது. தமிழில் வந்த விஞ்ஞானக் கதைகளில் இதுதான் உச்சம் என்று யாரோ எழுதிவைக்க, பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. அதோடு ரீச்சரின் தலையில் மண் விழுந்தது. பிறகு எழுதிய முப்பது கதையையும் இரண்டு நாவலையும் ஒரு நாயும் சீண்டவில்லை. இன்றைக்கும் அதே கதையின் மறுபதிப்புத்தான் வெளியீடு.

பேச வந்த அத்தனை பேரும் பாணையே பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். அடுத்தது சிறப்புப் பிரதி. டொக்டர், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு, நகைக்கடைக்காரர் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் ஏறி, புத்தகம் வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்து இறங்குவதற்குள் பின்வரிசை பாதி காலி. எழுதினவரின் ஏற்புரை எப்போதும் கடைசியில்தானே!

பதிப்பாளர் சயந்தன் குனிந்து காதோடு சொன்னான்: "அன்ரி, மண்டபம் பூட்டப் போகினம். புதுசு ஒண்டும் வேண்டாம். பாண் கதையிலை கொஞ்சம் வாசியுங்கோ. சனம் அதுக்குத்தான் இருக்குது."

"ஓம் தம்பி."

பாண் கதையின் முதற் பந்தியைச் சொன்னதுமே எழும்பினவர்கள் திரும்ப இருந்துவிட்டார்கள். ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருங்கோ வாறன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, மூச்சுவிடாமல் புதுக் கதைக்குள் இறங்கினார். இயந்திரம் பாணை மறந்தது. வெள்ளவத்தை அடுக்குமாடி பிளாற் ஒன்றில் தனியே இருக்கும் தாயோடு, ரொறன்ரோவிலிருக்கும் மகனின் குரலில் மேசைமேல் இருந்தபடி தினமும் கதைக்கத் தொடங்கியது. தாய் செத்து வீடு வெறுமையான பிறகும், "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சொல்லி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. கேட்டுவிட்டார்கள், முழுசாகக் கேட்டுவிட்டார்கள். ரீச்சர் சந்தோஷமாக மேடையை விட்டு இறங்கினார்.

முதலில் ஓடி வந்தவள் மிதுனா, வங்கியில் வேலை செய்யும் இளம்பெண். கண் சிவந்திருந்தது.

"ரீச்சர், இந்த முடிவுக்கு இப்பவும் அழுகை வருது. பள்ளிக்கூடத்திலை வாசிச்சிட்டும் இப்பிடித்தான் அழுதனான்."

"எந்த முடிவுக்கு, பிள்ளை?"

"அதுதான், செத்த அம்மாட்டைச் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறது. ஒரு சொல்லும் மறக்கேல்லை."

"அதை நான் எழுதினது போன கிழமை."

மிதுனா வாய்பொத்திச் சிரித்தாள். "ரீச்சருக்கு எப்பவும் பகிடிதான்," என்று பாண் கதைப் புத்தகத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.